கட்டி கீறிய புண்: மேலே காய்ந்தால் ஆறிவிட்டது என்று பொருளா?





நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு முதுகில் ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது. பல வருடங்களாகச் சுண்டைக்காய் அளவில், எந்தத் தொந்தரவும் தராமல் இருந்த கட்டி. சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிச் சிவந்து, மல்லாந்து படுக்க முடியாத வலி கொடுத்தது. மருத்துவமனையில் அதைக் கீறிச் சீழை எடுத்தார்கள். உள்ளே காஸ் துணி வைத்துக் கட்டி, தினமும் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நான்கு நாள் ஒழுங்காகப் போனார். ஐந்தாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் திண்ணையில் சட்டையைத் தூக்கி எங்களிடம் காட்டினார். புண்ணின் மேல் பொருக்குத் தட்டிக் காய்ந்திருந்தது. "நல்லா ஆறிடுச்சு பாய். இனிமே எதுக்கு அலையிறீங்க? மஞ்சளைக் குழைச்சுப் போடுங்க, போதும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த ஜும்ஆவுக்கு அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் குளிர் காய்ச்சல். ஏற்கெனவே சர்க்கரை நோயாளி. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தது. மேலே மூடிக்கொண்ட தோலுக்கு அடியில் சீழ் மறுபடியும் சேர்ந்து, பக்கவாட்டில் பரவியிருந்தது. முன்பைவிடப் பெரிதாகக் கீற வேண்டியதாயிற்று. 12 நாள் உள்நோயாளியாக இருந்து, அல்லாஹ்வின் அருளால் நலமாக வீடு திரும்பினார். எங்களை அவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை.

ஆனால் எனக்கு மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் அந்த நாள்களில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் வரும் செய்தி அது. ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அன்றிரவு அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். இதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அந்த மனிதரின் சாவுக்கு அவர்களையே பொறுப்பாக்கினார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்று கண்டித்தார்கள்.

புண்பட்டவருக்குத் தெரியாமல் ஆலோசனை சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். பெரியவருடன் மருத்துவமனையில் இருந்த நாள்களில், கட்டு மாற்றும் செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்களைப் பரிசோதித்த மருத்துவர் இதற்கு மாற்றமாக ஒன்று சொல்லியிருந்தால், அவர் சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

இந்தக் கட்டி எப்படி வருகிறது?

கொழுப்புக் கட்டி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உண்மையிலேயே கொழுப்புத் திரண்ட கட்டி. அது மெத்தென்று இருக்கும், பெரும்பாலும் பழுப்பதில்லை. மற்றொன்று தோலுக்கு அடியில் ஒரு சிறு பை போல உருவாவது. தோல் தினமும் பழைய செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. அவை வெளியே உதிராமல் இந்தப் பைக்குள்ளேயே தங்கிச் சேர்ந்து, மாவு போலவும் பாலாடைக்கட்டி போலவும் ஆகிவிடுகின்றன. முதுகு, கழுத்து, காதின் பின்புறம், தலை, முகம் ஆகிய இடங்களில் இது அதிகம் வரும். கட்டியின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான்.

வலி இல்லாதவரை இதனால் ஆபத்து இல்லை. பிதுக்குவதாலோ அடிபடுவதாலோ, சில நேரம் காரணமே தெரியாமலோ, பை உள்ளே உடைந்து வீங்கிவிடும். கிருமி புகுந்தால் சீழ் கட்டிவிடும். அப்போதுதான் கீற வேண்டி வருகிறது. மருத்துவர் அந்த இடத்தை ஊசி போட்டு மரத்துப் போகச் செய்து, கீறி, சீழையும் மாவு போன்ற பொருளையும் வெளியேற்றுவார்.

ஏன் தையல் போடாமல் விடுகிறார்கள்?

பெரியவரின் மகன் மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். "இவ்வளவு பெரிய ஓட்டையை அப்படியே விட்டுட்டீங்களே சார்!"

கத்தி பட்டு அறுந்த சுத்தமான காயத்தில் இரண்டு விளிம்புகளையும் சேர்த்துத் தைத்தால் ஒட்டிக்கொள்ளும். சீழ் இருந்த குழியில் அப்படிச் செய்யக் கூடாது. மேலே தைத்து மூடினால் உள்ளே மிச்சமிருக்கும் கிருமிகளுக்குக் கதவை அடைத்து வீடு கொடுத்ததாக ஆகிவிடும். ஆகவே வாயைத் திறந்தே வைக்கிறார்கள். குழியின் அடித்தளத்திலிருந்து புதுத் தசை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து மேலே வர வேண்டும். தோல் மூடுவது கடைசியில்தான் நடக்க வேண்டும். கிணற்றைத் தூர்க்கும்போது அடியிலிருந்து மண் போட்டு நிரப்பி வருகிறோம். வாயில் பலகையைப் போட்டு மேலே மண்ணைப் பரப்பிவிட்டால், பார்வைக்குத் தரை போலத்தான் இருக்கும். கால் வைத்தவன் உள்ளே விழுவான். எங்கள் பெரியவருக்கு நடந்தது அதுதான்.

உள்ளே வைக்கும் காஸ் துணியின் வேலையும் இதுவே. வாய் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஊறும் நீரை உறிஞ்சி வெளியே கொண்டுவரும். சிறிய குழியாக இருந்தால் சில மருத்துவர்கள் காஸ் வைக்காமலும் விடுவார்கள். அதுவும் சரியான முறைதான்.

சிலருக்குக் கட்டியைப் பையோடு முழுதாக வெட்டி எடுத்துத் தையல் போட்டிருப்பார்கள். அது வேறு வகைப் புண். அதை எத்தனை நாள் நனைக்காமல் வைத்திருக்க வேண்டும், தையல் எப்போது பிரிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருவது திறந்த புண்ணுக்கான முறை.

முதல் இரண்டு நாள்

மருத்துவமனையில் போட்ட கட்டை, அவர்கள் சொன்ன நேரம்வரை பிரிக்காதீர்கள். பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் விடச் சொல்வார்கள். அதுவரை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டில் கொஞ்சம் இரத்தக் கறை தெரிவது இயல்பு. இரத்தம் ஊறி வெளியே வழிந்தால் பதறாமல், சுத்தமான காஸை அதன் மேலேயே வைத்து, கையை எடுக்காமல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் நிற்காது. 10 நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கீறுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள், மாடு ஆடு வளர்ப்பவர்கள், கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவை என்றால் அப்போதே போட்டுவிடுவார்.

வீட்டில் கட்டு மாற்றும் முறை

முதல் கட்டு மாற்றுவதை மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செய்துகொள்ளுங்கள். வீட்டில் செய்யப் போகிறவர் உடன் சென்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு மருத்துவர் அனுமதித்தால் வீட்டில் செய்யலாம்.

முன்கூட்டியே தேவையானதை ஒரு சுத்தமான தட்டில் எடுத்து வையுங்கள்: மருந்துக் கடையில் விற்கும் கிருமி நீக்கிய காஸ் பாக்கெட், காகிதப் பிளாஸ்திரி, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், குப்பைக்கு ஒரு கவர். மருத்துவர் உப்பு நீரில் கழுவச் சொல்லியிருந்தால், அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மட்டமான தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிடலாம். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய வேண்டும். பஞ்சை நேரடியாகப் புண் மேல் வைக்காதீர்கள். அதன் இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

வலி அதிகம் இருப்பவர்கள், மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை அரை மணி நேரத்துக்கு முன்பே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

கட்டு மாற்றுபவர் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவ வேண்டும். பழைய கட்டை மெதுவாக எடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், ஆறவைத்த தண்ணீரை ஊற்றி ஊறவிட்டால் தானே விட்டுக்கொடுக்கும். உள்ளே வைத்த காஸ் முழுதாக வந்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டு துண்டு வைத்திருந்தால் இரண்டும் வெளியே வர வேண்டும். உள்ளே ஒரு துண்டு தங்கிவிட்டால் புண் மாதக் கணக்கில் ஆறாது. அதனால்தான் பல துண்டுகளாக இல்லாமல் ஒரே நீளத் துண்டாக வைத்து, அதன் நுனியை வெளியே விட்டு வைப்பார்கள்.

பிறகு தண்ணீரைப் புண்ணின் மேல் ஊற்றிக் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம், பிதுக்க வேண்டாம். சீழ் மிச்சம் இருக்கிறதே என்று அழுத்தினால் அது பக்கத்துத் தசைக்குள் போகும். கழுவிய பின் சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றித் துடையுங்கள். மீண்டும் கையைக் கழுவிக்கொண்டு, மருத்துவர் காஸ் வைக்கச் சொல்லியிருந்தால் குழிக்குள் தளர்வாக வையுங்கள். திணிக்கக் கூடாது, திணித்தால் அடியிலிருந்து தசை வளர இடம் இருக்காது. மேலே உலர்ந்த காஸை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். பொதுவாக ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். நீர் ஊறி வெளியே தெரிந்தாலும், கட்டு நனைந்தாலும் உடனே மாற்ற வேண்டும்.

பழைய கட்டைக் காகிதத்தில் சுற்றிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். கையை மறுபடி கழுவுங்கள். புண் உள்ளவரின் துண்டையும் படுக்கை விரிப்பையும் மற்றவர்கள் பயன்படுத்த வேண்டாம்.

புண் சரியாக ஆறுகிறது என்பதற்கு அடையாளம் என்ன? வலி நாளுக்கு நாள் குறையும். ஊறும் நீர் குறையும். குழியின் அடித்தளம் பச்சை இறைச்சி போல நல்ல சிவப்பாக, ஈரமாக இருக்கும். குழி ஆழம் குறைந்துகொண்டே வரும். சிறிய புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். பெரியது ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆழம் குறையாமல் வாய் மட்டும் சுருங்கி மூடினால், அது ஆறுவதல்ல. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

புண்ணில் வைக்கக் கூடாதவை

மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, சாம்பல், வசம்பு, பச்சிலைச் சாறு எதையும் திறந்த புண்ணுக்குள் வைக்காதீர்கள். அவை புண்ணின் மேல் பக்கு போலப் படிந்து வாயை அடைக்கும். உடன் மண்ணும் கிருமியும் போகும். கல்வராயன் மலைக்கு வியாபாரத்துக்குப் போய்வரும் நம் சகோதரர்கள் சிலர், அங்கே யாராவது அன்போடு பச்சிலை அரைத்துக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த அன்புக்கு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள். கீறிய புண்ணில் மட்டும் அதை வைக்க வேண்டாம்.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலக்காத டெட்டால் ஆகியவையும் வேண்டாம். எரிந்தால்தான் கிருமி சாகிறது என்று நினைக்கிறோம். கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தசையையும் அவை கருக்குகின்றன.

சாம்பல் விஷயத்தில் சிலர் உஹது போரைச் சான்று காட்டுவார்கள். அந்தச் செய்தியை முழுதாகப் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் காயமடைந்தபோது அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் இரத்தத்தைக் கழுவினார்கள். கழுவக் கழுவ இரத்தம் அதிகமாவதைப் பார்த்த பிறகே, பாய்த் துண்டை எரித்து அதன் சாம்பலை வைத்தார்கள், இரத்தம் நின்றது. போர்க்களத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு இரத்தத்தை நிறுத்திய செயல் அது. சீழ் எடுத்த குழியில், மருந்துக் கடை நாலு தெரு தள்ளி இருக்கும்போது, சாம்பல் வைப்பதற்கு அது ஆதாரம் ஆகாது. அவர்கள் முதலில் செய்தது தண்ணீரால் கழுவியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

உளூ, குளிப்பு, தொழுகை

புண்ணோடு இருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கட்டு முதுகிலோ தொடையிலோ இருந்தால் உளூவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உளூவில் கழுவும் உறுப்புகளில் அவை இல்லை. முகம், கை, கால் ஆகிய இடங்களில் இருந்து, நனைத்தால் கெடுதல் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், மற்ற இடங்களைக் கழுவிவிட்டுக் கட்டின் மேல் ஈரக் கையால் மஸ்ஹு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு வக்துக்கும் கட்டைப் பிரித்துக் கழுவிக் கட்டத் தேவையில்லை. அப்படிச் செய்வதுதான் புண்ணுக்குக் கேடு. கடமையான குளிப்பிலும் இதே சலுகை உண்டு. தண்ணீரே ஆகாது என்ற நிலையில் உள்ள நோயாளிக்குத் தயம்முமை அல்லாஹ் அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் அனுமதித்திருக்கிறான். மஸ்ஹுடன் தயம்முமும் சேர்த்துச் செய்ய வேண்டுமா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் புண் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புண்ணிலிருந்து இரத்தமோ சீழோ வழிந்தோடினால் ஹனஃபி மத்ஹபில் உளூ முறியும்; ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. இடைவிடாமல் கசிந்துகொண்டே இருப்பவருக்கு மார்க்கம் தனிச் சலுகை தருகிறது. கசிகிறதே என்று தொழுகையை விட்டுவிடுவதும் தவறு. தொழ வேண்டுமே என்று கட்டைக் கழற்றி எறிவதும் தவறு.

பள்ளிவாசல் ஹவ்ளைப் பற்றி ஒரு வார்த்தை. புண் உள்ள கையையோ காலையோ ஹவ்ளுத் தண்ணீரில் நனைக்காதீர்கள். பலர் கை கால் பட்ட, தேங்கிய தண்ணீர் அது. உங்கள் புண்ணுக்கும் நல்லதல்ல, அடுத்தவருக்கும் நல்லதல்ல. வீட்டிலேயே உளூ செய்துகொண்டு வாருங்கள், அல்லது குழாயில் செய்யுங்கள். கட்டில் வாடை அடித்தாலோ கசிந்தாலோ, மாற்றிக் கட்டிக்கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் வீட்டில் தொழுதுகொள்ளுங்கள். குனிய, உட்கார வலித்தால் எப்படி முடியுமோ அப்படித் தொழலாம்.

சர்க்கரையும் சாப்பாடும்

இந்தப் புண்ணை ஆறவிடாமல் செய்வதில் முதல் இடம் சர்க்கரை நோய்க்குத்தான். சர்க்கரை அதிகமாக இருக்கும் உடலில் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. இரத்த ஓட்டமும் குறைகிறது. காய்ச்சலும் சீழும் வந்தால் சர்க்கரை இன்னும் ஏறும். ஒன்றை ஒன்று வளர்க்கும். புண் ஆறும்வரை சர்க்கரையை அடிக்கடி பரிசோதித்து, மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாத்திரை வாங்கப் போக ஆளில்லை என்று யாரும் விட்டுவிடத் தேவையில்லை. இதுவரை சர்க்கரையே பார்க்காதவர்களும், கட்டி பழுத்தால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நோன்புக் காலமாக இருந்தால், நோன்பு வைக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்குப் பிறகு களா செய்யும் வழியை அல்லாஹ்வே திறந்து வைத்திருக்கிறான்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. முட்டை, மீன், கறி, கத்தரிக்காய் எல்லாம் கரப்பான், சீழ் வைக்கும் என்று சொல்லி, நோயாளிக்கு ரசம் சோறு மட்டும் கொடுப்பார்கள். புதுத் தசை வளரப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், கீரை, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் கொடுங்கள். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட வேண்டும். பீடி, சிகரெட் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். விடுவதற்கு இது நல்ல நேரம்.

கீறிச் சீழை எடுத்த எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை தேவைப்படுவதில்லை. கொடுத்திருந்தால், வலி குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். கொடுக்காவிட்டால், கடையில் கேட்டு நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

தாமதிக்கக் கூடாத நேரம்

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

காய்ச்சல், குளிர், நடுக்கம்.
குறைந்துவந்த வலி மறுபடி கூடுதல்.
புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சூடு, புது வீக்கம், அல்லது சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடுதல்.
கெட்டியான சீழ், துர்நாற்றம்.
வாய் மூடிய புண்ணுக்கு அடியில் அழுத்தினால் வலி.
முகத்தில், கண்ணுக்கோ மூக்குக்கோ அருகில் வீக்கம்.

தோல் கறுத்தல் அல்லது நீலம் பாய்தல், கொப்புளம், புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, மயக்கம், பேச்சுக் குழறல், மூச்சு வாங்குதல் ஆகியவை இருந்தால் உடனே 108க்கு அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

சேராப்பட்டு, வெள்ளிமலைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள், சந்தைக்குப் போய்த் தங்குபவர்கள் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். மலைப்பாதையில் இரவில் இறங்குவது கடினம். காலையில் அடையாளம் தெரிந்தால் மாலைவரை காத்திருக்காதீர்கள். தினக் கட்டு மாற்றுவதற்காகக் கள்ளக்குறிச்சிவரை வர வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருத்துவமனைச் சீட்டைக் காட்டிச் செய்துகொள்ளலாம். பெரிய சிகிச்சைக்கு முன்பு முண்டியம்பாக்கத்துக்கும் சேலத்துக்கும் போக வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 26 அன்று நம் மாவட்டம் உருவான பிறகு, சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரி 12 அன்று அது திறக்கப்பட்டது. தூரத்தைக் காரணம் சொல்வதற்கு இப்போது முன்புபோல இடமில்லை.

வெட்கத்தால் மறைக்காதீர்கள்

அக்குள், மார்பு, தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் ஆகிய இடங்களில் கட்டி வந்தால் நம் பெண்கள் வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை. காய்ச்சல் வந்த பிறகே தெரிகிறது. அந்த இடங்களில் சீழ் வேகமாகப் பரவும். மார்பில் தெரியும் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று நாமே முடிவு செய்துகொள்ளவும் கூடாது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அவர் கிடைக்காத நிலையில், கணவரையோ மஹ்ரமான ஒருவரையோ உடன் வைத்துக்கொண்டு ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கம் தடை சொல்லவில்லை. வீட்டிலுள்ள ஆண்களும் "என்ன, ஏது" என்று விசாரித்து அழைத்துப் போக வேண்டும்.

ஆறிய பிறகு

சீழ் வெளியேறிவிட்டாலும் பையின் சுவர் பெரும்பாலும் உள்ளேயே தங்கியிருக்கும். அது இருக்கும்வரை கட்டி திரும்ப வரலாம். வீக்கமெல்லாம் வற்றிய பிறகு, பையை முழுதாக எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழுத்திருக்கும்போது பை சிதைந்திருப்பதால் முழுதாக எடுப்பது கடினம். அமைதியாக இருக்கும்போது எளிது. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால் செலவு பார்த்துத் தவிர்க்காதீர்கள்.

கடைசியாக, ஜமாஅத்தார் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். முதுகில் புண் உள்ளவர் தனக்குத்தானே கட்டு மாற்றிக்கொள்ள முடியாது. நம் மஹல்லாவில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் பலர் உண்டு. அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த ருஃபைதா (ரலி) அவர்களிடம் கொடுக்கப்பட்டது. மஸ்ஜிதுந் நபவீயிலேயே அவருக்குக் கூடாரம் இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழம் வாங்கிப் போகிறோம். இனி ஒரு காஸ் பாக்கெட்டும் வாங்கிப் போவோம். "இன்னைக்குக் கட்டு மாத்தியாச்சா? யாரு கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்போம். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அறக்கட்டளை அலுவலகத்தில் சொன்னால், இன்ஷா அல்லாஹ், வண்டிக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்வோம்.

அந்தப் பெரியவர் இப்போது அஸருக்கு வருகிறார். யாராவது தன் புண்ணைக் காட்டி "ஆறிடுச்சா பாய்?" என்று கேட்டால், "என்னைக் கேக்காதப்பா, கட்டு போட்டவங்களைக் கேளு" என்கிறார். நானும் இப்போது அதையேதான் சொல்கிறேன்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்